வாற்கோதுமை வீடு

ஆங்கிலத்தில் 'பார்ன்' எனப்படும் கட்டடத்துக்கு நம் அகராதிகள் களஞ்சியம் என்றே பொருள் தருகின்றன. அத்தனை பொருத்தமான சொல் அன்று. களஞ்சியமும் பத்தாயமும் குதிரும் அடித்துத் தூற்றி முடித்த தானியத்தைச் சேமிப்பவை. பார்ன் என்பதோ, அறுத்த பயிரைத் தாளோடு கொண்டுவந்து அடுக்கி, அதே கூரையின் கீழ் கதிரடித்து, தூற்றி, வைக்கோலைப் பிரிக்கும் இடம். மழைக்கு அஞ்சிக் கூரைக்குள் கொண்டுபோகப்பட்ட களம் என்றால் ஓரளவு சரியாக இருக்கும். ஆகவே இங்கே அதைக் களமனை என்றே குறிப்பிடுகிறேன். பழைய ஆங்கிலத்தில் அச்சொல் இரு வேர்களின் கூட்டு: ஒன்று வாற்கோதுமையையும் மற்றது வீட்டையும் குறிப்பது. வாற்கோதுமை குடியிருந்த அந்த வீட்டில் மனிதர்கள் குடியேறலாமா, யார் குடியேறலாம், எப்படி என்பது இங்கிலாந்தின் சட்டத்தில் எழுபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாகத் தீராத வழக்காக இருந்து வருகிறது.

கட்டடத்தின் அமைப்பைப் புரிந்துகொண்டால்தான் வழக்கும் புரியும். நீண்ட செவ்வகம். நீளவாட்டுச் சுவர்கள் இரண்டின் நடுவிலும் எதிரெதிரே இரு பெரிய கதவுகள். பொதி ஏற்றிய வண்டி ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும் அளவுக்கு உயரம். இரு கதவுகளுக்கும் இடைப்பட்ட தரைதான் களம். அதன் இருபுறமும் அறுத்த பயிர் கூரைவரை அடுக்கப்பட்டிருக்கும். குளிர்காலம் முழுவதும் கூலியாட்கள் கோல்களால் கதிரை அடிப்பார்கள். பிறகு இரு கதவுகளையும் திறந்துவிட்டு, ஊடே வரும் காற்றில் தூற்றுவார்கள். சுவர்களில் சன்னல் கிடையாது, காற்றோட்டத்துக்கான ஒடுங்கிய பிளவுகள் மட்டுமே. புகைபோக்கியும் கிடையாது; காய்ந்த வைக்கோலுக்கு நடுவே யார் தீ மூட்டுவார்கள்? முக்கோணச் சுவரின் உச்சியில் சிறு துளையொன்று பல களமனைகளில் உண்டு. அது எலி பிடிக்க வரும் ஆந்தைக்காக விட்ட வழி.

இவற்றுள் பெரியவை மடங்களின் பண்ணைகளுக்காக எழுந்தவை. இன்றைய ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரில் உள்ள கிரேட் காக்ஸ்வெல் களமனை, சிஸ்டர்சியன் துறவியரின் பியூலி மடத்துக்காக 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டப்பட்டது. நீளம் 152 அடி. உள்ளே இரு வரிசை மரத்தூண்கள் கூரையைத் தாங்கி நிற்பதைப் பார்ப்பவர்களுக்குத் தேவாலயத்தின் நினைவு வராமல் இருக்காது. அருகே கெல்ம்ஸ்காட்டில் வாழ்ந்த வில்லியம் மாரிஸ் தன் விருந்தினரை அங்கே அழைத்துப்போவது வழக்கம். அவர் 1877இல் தொடங்கிய பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம் இன்றும் இயங்குகிறது. ஹீத்ரோ விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஹார்மண்ட்ஸ்வொர்த் களமனை 1420களில் எழுந்தது. கவிஞர் ஜான் பெட்ஜமன் அதைக் கதீட்ரலோடு ஒப்பிட்டுப் பேசினார். இவை வீடுகளாகவில்லை, காப்பவர் கிடைத்துவிட்டனர். நம் பேச்சு அப்படிக் கிடைக்காத ஆயிரக்கணக்கான சிறு களமனைகளைப் பற்றியது.

அவை பயனிழந்த கதை 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்குகிறது. ஸ்காட்லாந்தின் ஆண்ட்ரூ மெய்க்ல் 1786 வாக்கில் கதிரடிக்கும் இயந்திரத்தை உருவாக்கினார். குளிர்காலத்தில் கூலியாளுக்கு இருந்த ஒரே நிலையான வேலை கதிரடிப்பு. அது பறிபோனபோது வயிறு எரிந்தது. 1830ஆம் ஆண்டு கோடை இறுதியில் கெண்ட் பகுதியில் தொடங்கி, தென் இங்கிலாந்து முழுவதும் அந்த இயந்திரங்களை உடைத்தார்கள், வைக்கோற்போர்களைக் கொளுத்தினார்கள். 'கேப்டன் ஸ்விங்' என்ற கற்பனைத் தலைவனின் பெயரில் பண்ணையார்களுக்கு மிரட்டல் கடிதங்கள் போயின. 19 பேர் தூக்கிலிடப்பட்டனர். ஏறத்தாழ 500 பேர் கடல்கடத்தப்பட்டனர். களமனையை இன்று நாட்டுப்புற அமைதியின் சின்னமாகக் காட்டும் வீட்டுமனை விளம்பரங்களைக் காணும்போது எனக்கு இந்தக் கணக்கு நினைவுக்கு வருவதுண்டு.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் அறுப்பையும் அடிப்பையும் வயலிலேயே முடித்துவிடும் இயந்திரம் பரவியது. களமனைக்கு இருந்த கடைசி வேலையும் போயிற்று. புதிய டிராக்டர்கள் அதன் கதவுக்குள் நுழையக்கூட முடியாத அளவுக்குப் பெருத்துவிட்டன.

அதே ஆண்டுகளில்தான் சட்டம் வந்தது. 1942இல் நீதிபதி ஸ்காட் தலைமையிலான குழு, நாட்டுப்புற நிலத்தின் பயன்பாடு குறித்து ஓர் அறிக்கை தந்தது. வேளாண்மை செழித்தால் நாட்டுப்புறத்தின் அழகு தானே காப்பாற்றப்படும். உழவரே அதன் இயல்பான காவலர் என்பது அதன் உள்ளுறை நம்பிக்கை. குழுவில் இருந்த பொருளியலாளர் டென்னிசன் மட்டும் மறுத்துத் தனிக்குறிப்பு எழுதினார். நிலத்தை வேளாண்மைக்கென்றே பூட்டிவைப்பது நாட்டுப்புற மக்களின் வறுமையையும் சேர்த்துப் பூட்டுவதாகும் என்ற போக்கில் அவர் வாதம் அமைந்தது. அட்லி அரசு பெரும்பான்மையின் பக்கமே சாய்ந்தது. 1947ஆம் ஆண்டின் நகர், நாட்டுப்புறத் திட்டச் சட்டம் 1948 ஜூலை 1 அன்று முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அன்றுமுதல் ஒருவர் தன் நிலத்தில் கட்டுவதற்கும், கட்டியதன் பயன்பாட்டை மாற்றுவதற்கும் உள்ளாட்சியின் திட்ட அனுமதி வேண்டும்.

ஆனால் வேளாண்மைக்கு விலக்கு. நிலத்தையும் அதிலுள்ள கட்டடத்தையும் வேளாண்மைக்குப் பயன்படுத்துவது சட்டத்தின் கண்ணில் 'மேம்பாடு' ஆகாது. பண்ணைத் தேவைக்குப் புதிய கொட்டகைகள் எழுப்பவும் பொது ஆணைகள் வழியே தாராள உரிமை. இதன் விளைவு வேடிக்கையானது. உழவர் தம் வயலில் இரும்புச் சட்டகமும் கல்நார்த் தகடுமாக எவ்வளவு அவலட்சணமான கொட்டகையையும் பெரிய தடையின்றி எழுப்பலாம். பக்கத்தில் நிற்கும் முந்நூறு ஆண்டுக் களமனையில் தம் மகனைக் குடிவைக்க வேண்டுமானால் மனுப்போட வேண்டும்; பெரும்பாலும் மறுக்கப்படும். திறந்த நாட்டுப்புறத்தில் புதிய வீடுகள் கூடாதென்பதே கொள்கை. வயலில் வேலை செய்பவருக்கு மட்டும், அவ்வேலையை நிபந்தனையாக்கி வீட்டுக்கு அனுமதி தரும் வழி ஒன்று திறந்திருந்தது.

1970களிலிருந்து நிலைமை மாறிற்று. பழைய களமனைகள் சரிந்துகொண்டிருந்தன. நகரத்தில் பணம் சேர்த்தவர்கள் அவற்றை விரும்பத் தொடங்கினார்கள். இங்குதான் பாதுகாப்பாளர்களின் சங்கடம் ஆரம்பமாகிறது. வீடாக்கினால் கட்டடம் பிழைக்கும், ஆனால் களமனை பிழைக்காது. களமனையின் சிறப்பு இரண்டே: திறப்பில்லாத நெடுஞ்சுவர், தடையில்லாத உள்வெளி. வீட்டுக்குத் தேவையானவை இவற்றுக்கு நேரெதிரானவை. சன்னல் வேண்டும், மாடி வேண்டும், குளியலறைகளுக்குத் தடுப்பு வேண்டும், கூரையில் வெளிச்சத் திறப்புகள் வேண்டும், புகைபோக்கி வேண்டும். வெளியே கார் நிறுத்துமிடமும் புல்தரையும் துணி உலர்த்தும் கொடியும் வந்துவிடும். பலகாலம் அரசின் வழிகாட்டுதல்கள் அலுவலகம், பட்டறை போன்ற தொழிற்பயன்பாடுகளுக்கே முன்னுரிமை கொடுத்தன. குடியிருப்பு என்பது கடைசிப் புகலிடம்.

இந்தப் பூசலிலிருந்து ஒருவகைக் கட்டடக்கலை இலக்கணமே பிறந்தது எனலாம். வண்டிக்கதவின் திறப்பை முழுக்கக் கண்ணாடியால் மூடுக. வேறெங்கும் புதிய சன்னலைக் கூடியமட்டும் தவிர்க்க. நடுக்களத்தைத் தரையிலிருந்து கூரைவரை திறந்த கூடமாக விடுக; மாடியைப் பக்கப் பகுதிகளுக்குள் ஒடுக்குக. செங்கல் புகைபோக்கி கூடாது, கருநிறம் பூசிய மெல்லிய உலோகக் குழாய் போதும். இங்கிலாந்தின் கிராமங்களில் இன்று காணும் மாற்றப்பட்ட களமனைகள் பலவும் ஒன்றுபோலத் தோன்றுவதற்கு வாங்கியவர்களின் ரசனை ஒன்றாக இருப்பது மட்டும் காரணமன்று. திட்ட அதிகாரிகளின் மறுப்புகள் செதுக்கிய வடிவம் அது.

அனுமதி கிடைத்தபின் கட்டுமான விதிகள் காத்திருக்கும். இவை வேறு சட்டம், வேறு அதிகாரி. பயன்பாடு மாறுகிறபோது கட்டடம் புதிய பயன்பாட்டின் தரத்துக்கு உயர வேண்டும் என்பது அடிப்படை. தீயணைப்பு ஊர்தி வீட்டின் எந்த மூலைக்கும் 45 மீட்டருக்குள் வந்துநிற்க முடிய வேண்டும் என்கிறது வழிகாட்டி ஏடு. களமனையோ பெரும்பாலும் சேற்றுத் தடத்தின் கோடியில் இருக்கும். வெப்பக்காப்புக்குச் சுவரின் உள்பக்கம் அட்டைகளை ஒட்டினால், எந்த மரச்சட்டகத்தைப் பார்த்து அதிக விலை கொடுத்தார்களோ அது மறைந்துபோகும். மாடிக்கு உயரம் போதாதென்று தரையைத் தோண்டினால், ஆழமற்ற அடித்தளத்தில் நிற்கும் சுவர் நகரத் தொடங்கும். சுண்ணாம்புக் காரையில் எழுந்த சுவர் ஈரத்தை வாங்கி வெளிவிடும் இயல்புடையது. அதற்குச் சிமெண்ட் பூசியவர்கள் ஈரத்தை உள்ளே அடைத்துவைத்தனர். நம் ஊர்ச் சுண்ணாம்புக் கட்டடங்களுக்குச் சிமெண்ட் பூசியதன் விளைவைக் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சட்டம் கெடுபிடியாக இருந்தால் தந்திரமும் பிறக்கும். ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் ஒருவர் 2001இல் வைக்கோல் களமனை கட்ட அனுமதி பெற்றார். கட்டினார். வெளியே அது களமனை. உள்ளே படுக்கையறைகள், குளியலறைகள், படிப்பறை. 2002 முதல் நான்காண்டுகள் அமைதியாகக் குடியிருந்தார். அக்காலச் சட்டப்படி, ஒரு கட்டடம் வீடாகப் பயன்பாட்டு மாற்றம் பெற்று நான்காண்டுகள் கடந்துவிட்டால் உள்ளாட்சி நடவடிக்கை எடுக்க முடியாது. 2006இல் அவர் சட்டப்பூர்வச் சான்று கேட்டு விண்ணப்பித்தார். வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்று 2011 ஏப்ரலில் தீர்ப்பானது. நீதிபதிகள் கூறிய காரணங்களில் ஒன்று ரசிக்கத்தக்கது: இக்கட்டடம் ஒருநாளும் களமனையாக இருந்ததில்லை, ஆகவே பயன்பாட்டு 'மாற்றம்' நிகழவேயில்லை. தன் வஞ்சகத்தால் ஒருவர் ஆதாயம் அடையக்கூடாது என்பது மற்றொன்று. சர்ரேயில் வேறொரு விவசாயி, சிறு கோட்டை போன்ற வீட்டையே கட்டி, நான்காண்டுகள் அதை வைக்கோற்கட்டுகளால் மூடிவைத்திருந்தார். வைக்கோலை அகற்றுவதும் கட்டுமானப் பணியின் பகுதியே என்று கூறி உயர்நீதிமன்றம் 2010இல் அவரது வாதத்தைத் தள்ளியது. 2016இல் அந்த வீடு இடிக்கப்பட்டது. மறைத்துக் கட்டுவோருக்கு எதிராக 2011ஆம் ஆண்டின் சட்டம் தனிப்பிரிவே சேர்த்தது. 2024 ஏப்ரல் முதல் இங்கிலாந்தில் அந்த நான்காண்டு வரம்பு பொதுவாகப் பத்தாண்டாகிவிட்டது.

பெருந்திருப்பம் 2014 ஏப்ரலில் நேர்ந்தது. வீட்டுப் பற்றாக்குறையைக் காரணம் காட்டி, வேளாண் கட்டடங்களை முழுமையான திட்ட அனுமதி இல்லாமலே வீடாக்கும் உரிமையை அரசு வழங்கிற்று. 2015இன் ஆணையில் இது 'க்யூ வகுப்பு' என்ற பெயர் பெற்றது. உள்ளாட்சி சாலை, இரைச்சல், வெள்ளம், தோற்றம் போன்ற சிலவற்றை மட்டும் பார்க்கலாம். அதற்கு 56 நாள் கெடு. முதலில் மூன்று வீடுகள், 450 சதுரமீட்டர் என்பது வரம்பு. 2018இல் ஐந்து வீடுகளாயிற்று. 2024 மே மாதம் பத்து வீடுகள், மொத்தம் 1000 சதுரமீட்டர், வீடொன்றுக்கு 150 சதுரமீட்டருக்கு மிகாமல் என விரிந்தது.

யாருக்கு இது பொருந்தாது என்று பார்த்தால்தான் முரண் தெரியும். மரபுச்சின்னப் பட்டியலில் உள்ள கட்டடங்களுக்கு இல்லை. தேசியப் பூங்காக்களில் இல்லை. பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் இல்லை. அழகான ஓக் மரக் களமனைக்குப் பழைய நெடும்பாதை. 1970களின் தகரக் கொட்டகைக்குக் குறுக்குவழி. சட்டத்தை எழுதியவர்களின் நோக்கம் புரிகிறது, மரபுக்கு ஊறு நேரக்கூடாது. ஆயினும், எந்தக் கட்டடங்களைக் காப்பாற்ற மாற்றம் என்ற யோசனையே பிறந்ததோ அவை வெளியே நிற்க, யாரும் காப்பாற்ற நினைக்காதவை வீடாகின்றன.

நாட்டிங்ஹாம்ஷயரில் ஒரு வழக்கு. மூன்று பக்கமும் பெரும்பாலும் திறந்த இரும்புச் சட்டகக் கொட்டகை. சுவர்கள் அனைத்தையும் புதிதாக எழுப்பி வீடாக்க மனு. 'மாற்றம்' என்ற சொல்லுக்கே ஓர் எல்லை உண்டு, அதைத் தாண்டினால் அது புதுக்கட்டுமானம் என்று உயர்நீதிமன்றம் 2016இல் கூறியது. எலும்புக்கூட்டுக்குச் சதை வைப்பது மாற்றமாகாது என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். அடுத்த ஆண்டே கெண்ட் பகுதியிலிருந்து மற்றொரு வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வந்தது. க்யூ வகுப்பின்கீழ் களமனையை வீடாக்கும் வாய்ப்பு உண்மையிலேயே இருக்குமானால், அதைவிடச் சிறந்த திட்டம் என்ற பெயரில் களமனையை இடித்துப் புதுவீடுகள் கட்ட அனுமதி தருகையில் உள்ளாட்சி அந்த வாய்ப்பைக் கணக்கில் கொள்ளலாம் என்பது தீர்ப்பு. இதன்பின் மாற்ற உரிமையை முதலில் பெற்று, அதையே துருப்புச்சீட்டாக்கி, இடித்துக் கட்டும் அனுமதியை வாங்குவது பழக்கமாகிவிட்டது.

யார்க்ஷயர் டேல்ஸ் தேசியப் பூங்காவின் சிக்கல் வேறு. அங்கே கற்சுவர் வேலிகளுக்கு நடுவே, வயலுக்கொன்றாகச் சிறு வைக்கோற்கூடங்கள் சிதறிக்கிடக்கின்றன. கீழே நாலைந்து மாடு, மேலே அவற்றின் குளிர்காலத் தீவனம். இப்போது மாடுகள் பெரிய கொட்டகைகளுக்குப் போய்விட்டன. கூரையில் ஒரு கல் நழுவினால் மரம் நனையும். மரம் உளுத்தால் சுவர் பிளக்கும். நீண்டகாலம் வீடாக்க மறுத்துவந்த பூங்கா நிர்வாகம், 2016இன் இறுதியில் ஏற்ற திட்டத்தில் சாலையோரக் கூடங்களுக்கு மட்டும் வழிவிட்டது. அதுவும் உள்ளூர்க்காரர் நிலையாக வாழ, அல்லது விடுமுறை வாடகைக்கு. வயல் நடுவே நிற்பவற்றுக்குப் பாதையும் மின்கம்பியும் இழுத்தால் நிலக்காட்சியே குலையும் என்று விட்டுவிட்டார்கள். அவற்றில் பலவற்றின் கூரை இறங்கிவிட்டது. மழைக்காலத்தில் ஆடுகள் சுவரோரம் ஒண்டுகின்றன.