எள்ளும் கொள்ளும்

"இளைச்சவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு"ன்னு ஒரு பழமொழி உண்டுங்க. ரெண்டுமே எங்க மானாவாரிக் காட்டுல விளையுறதுதான். எள்ளு சதை பிடிக்க, கொள்ளு சதை கரைய. ஆக, உடம்பு எடையைப் பத்தின கவலை நம்மாளுகளுக்குப் புதுசு இல்ல. எதுக்குக் கவலைப்படுறோம்ங்கிறதுதான் மாறிப்போச்சு.

எங்க அப்பத்தா யாரைப் பார்த்தாலும் முதல்ல கேக்குறது, "ஏங்கண்ணு, இப்படி இளைச்சுப்போயிட்ட?" அதுக்குப் பின்னாடி பஞ்சம் இருக்கு. 1876 முதல் 1878 வரைக்கும் நீடிச்ச தாது வருஷப் பஞ்சத்துல சென்னை மாகாணத்துல லட்சக்கணக்கான பேர் செத்தாங்க. கோயமுத்தூர், சேலம் ஜில்லாக்களும் தப்பல. 1877-ல ரிச்சர்டு டெம்பிள்ங்கிற அதிகாரி, நிவாரண வேலைக்கு வர்ற ஆணுக்கு நாளைக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓரணாவும் போதும்னு கூலியைக் குறைச்சார். ஒரு ராத்தல்னா இன்னைக்குக் கணக்குல சுமார் 450 கிராம். அது பத்தாதுன்னு வாதாடினவர் மாகாணத்தோட சுகாதாரக் கமிஷனர் கார்னிஷ். அந்தப் பஞ்சக் கதையைக் கேட்டு வளர்ந்தவங்களுக்கு, பூசுனாப்ல உடம்புன்னா வீட்டுக் குதிர் நிறைஞ்சிருக்குன்னு அர்த்தம்.

இப்போ பிள்ளைங்க செல்போன்ல போட்டுப் பார்க்குற 'பிஎம்ஐ' கணக்கு வேற வழியில வந்தது. 1830-கள்ல பெல்ஜியத்துக்காரர் அடால்ப் கெட்லே, 'சராசரி மனுசன்' எப்படி இருப்பான்னு தேடினப்ப போட்ட கணக்கு அது. நோய் கண்டுபிடிக்கிறது அவரோட நோக்கமே இல்ல. 1972-லதான் ஆன்செல் கீஸ்ங்கிற அமெரிக்க விஞ்ஞானி அதுக்கு இந்தப் பேரை வச்சார்.

அந்த எண்ணு எவ்வளவு தூரம் பேசும்? 2004-ல புனே டாக்டர் யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் யுட்கினும் தங்களையே அளந்து 'லான்செட்' இதழ்ல போட்டாங்க. ரெண்டு பேருக்கும் பிஎம்ஐ 22.3. உடம்புக் கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். ஒல்லியாத் தெரியுற நம்ம உடம்புக்குள்ளயும் கொழுப்பு ஒளிஞ்சிருக்கலாம்.

எங்க ஊர் இளவட்டத்துக்கு இந்த எண்ணும்கூட ரெண்டாம்பட்சம். கண்ணாடி சொல்றதுதான் தீர்ப்பு. காலேஜ் போற பொண்ணு, காத்தடிச்சா சாயுற உடம்பை வச்சுக்கிட்டு "குண்டாயிட்டேன்"னு காலைச் சாப்பாட்டை விடுது. அதே வயசுப் பையன், வரப்பு வெட்டி உரமேறுன கையைப் பார்த்து "ஒல்லியா இருக்கேன்"னு டப்பாப் பவுடரைக் கலக்கிக் குடிக்கிறான். பொண்ணு தன்னைக் கூட்டிப் பார்க்குது, பையன் தன்னைக் குறைச்சுப் பார்க்குறான்.

2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புப்படி, தமிழ்நாட்டுல 15 முதல் 49 வயசுப் பெண்கள்ல பாதிக்கு மேல ரத்தசோகை. அந்த உடம்பு பட்டினியும் கிடந்தா என்னத்துக்கு ஆகும்?

டவுன்ல இருக்குற நீங்களும் ஒண்ணு செய்யலாம். வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்ததும் "இளைச்சுட்ட", "ஊதிட்ட"ன்னு சொல்றதை விட்டுட்டு, காலையில சாப்பிட்டுச்சா, மாடி ஏறினா மூச்சு வாங்குதா, ரத்தம் எவ்வளவு இருக்குன்னு கேளுங்க.