வேகத்துக்கு ஒரு வேலி

1896-ஆம் ஆண்டு ஜனவரி மாதம். இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்திலுள்ள பேடக் வுட் என்னும் ஊரில் வால்டர் ஆர்னால்டு என்பவர் தம் மோட்டார் வண்டியை மணிக்கு 8 மைல் வேகத்தில் ஓட்டிச் சென்றார். சைக்கிளில் பள்ளிக்குப் போகும் பையன்கூட இதைவிட விரைவாகப் போவான்! ஆனால் ஊருக்குள் 2 மைலுக்கு மேல் கூடாது என்பது 1865-ஆம் ஆண்டுச் சட்டம். காவலர் ஒருவர் சைக்கிளில் ஏறி, சுமார் 5 மைல் துரத்திச் சென்று அவரைப் பிடித்தார். வேகத்துக்காக அபராதம் 1 ஷில்லிங். வழக்குச் செலவு தனி.

நீராவி எந்திரங்களை மனத்தில் கொண்டு எழுதப்பட்ட அந்தச் சட்டம் அவ்வாண்டிலேயே மாறியது. வரம்பு 14 மைல் ஆயிற்று; 1903-இல் 20 மைல். ஆனால் வரம்பைத் தாளில் எழுதிவிட்டால் போதுமா? ஓடுகிற வண்டியின் வேகத்தை யார் அளப்பது?

காவலர்கள் பள்ளிக் கணக்கையே கையாண்டார்கள். ஒரு ஃபர்லாங் தூரத்தை 20 மைல் வேகத்தில் கடக்க இருபத்திரண்டரை வினாடி ஆகும். அதற்கும் குறைவாக ஆனால் குற்றம். சாலையில் தூரத்தை அளந்து வைத்துக்கொண்டு, புதர்வேலிக்குப் பின்னே கடிகாரத்துடன் பதுங்கியிருப்பார்கள். கார் வைத்திருந்தோர் சும்மா இருப்பார்களா? 1905-இல் ஆட்டோமொபைல் அசோசியேஷன் என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். அதன் ஆட்கள் சைக்கிளில் திரிந்து, காவலர் ஒளிந்திருக்கும் இடங்களைப் பற்றி எச்சரித்தார்கள். இவ்வாறு எச்சரிப்பது குற்றம் என 1910-இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சங்கம் உத்தியை மாற்றியது. உறுப்பினரின் காரைக் கண்டதும் அதன் ஆள் சலாம் வைப்பான். சலாம் வைக்காவிட்டால்? நிறுத்தி விசாரிக்க வேண்டும் என்று பொருள். சலாம் வைக்காததற்காக ஒருவனைத் தண்டிக்க முடியுமா!

இப்படியே கால் நூற்றாண்டு ஓடியது. எவரும் மதிக்காத சட்டம் சட்டத்துக்கே இழுக்கு என்ற வாதம் வலுத்தது. 1930-ஆம் ஆண்டுச் சட்டம் கார்களுக்கான வேக வரம்பை அடியோடு நீக்கியது. 20 மைல் என்பது அன்றைய கார்களுக்குக் குறைவுதான், அதை ஒப்புக்கொள்ளலாம். ஆனால் ஆடு தாண்டுகிறது என்பதற்காக வேலியையே பிடுங்கி எறிவது என்ன நியாயம்?

1934-இல் பிரிட்டனின் சாலைகளில் 7,343 பேர் மாண்டனர். ஏறத்தாழப் பாதிப்பேர் நடந்து சென்றவர்கள். காரே இல்லாதவர்கள் பிறருடைய அவசரத்துக்கு உயிரைக் கொடுத்தார்கள். போக்குவரத்து அமைச்சர் லெஸ்லி ஹோர்-பெலிஷா, ஊர்ப்பகுதிகளில் 30 மைல் வரம்பை 1935 மார்ச் 18 முதல் கொண்டுவந்தார். அவ்வாண்டு இறந்தோர் தொகை சுமார் 6,500 ஆகக் குறைந்தது. ஓட்டுநர் தேர்வும் பாதசாரிகள் கடக்குமிடங்களும் அதே காலத்தில்தான் வந்தன. ஆகவே முழுப் பெருமையையும் வேக வரம்புக்கே கொடுத்துவிடக் கூடாது.

30-க்கும் 40-க்கும் அப்படி என்ன பெரிய வேறுபாடு என்று கேட்கலாம். இரண்டு கார்கள் அருகருகே வருகின்றன. ஒன்றின் வேகம் 30 மைல், மற்றதன் வேகம் 40. எதிரே ஒரு குழந்தை சாலையில் இறங்குகிறது. இருவரும் ஒரே நொடியில் பார்த்து பிரேக் போடுகிறார்கள். முதல் கார், ஓட்டுநர் சுதாரிப்பதற்குள் 9 மீட்டரும், பிரேக் பிடித்தபின் 14 மீட்டரும் ஓடி, 23-ஆவது மீட்டரில் நின்றுவிடும். இரண்டாவது கார் சுதாரிப்பதற்கே 12 மீட்டர் ஓடிவிடும். பிரேக் பிடித்தபின் நிற்க இன்னும் 24 மீட்டர் வேண்டும். இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்வதே காரணம். முதல் கார் நின்றுவிட்ட அதே இடத்தை இது எந்த வேகத்தில் கடக்கும் என்று கணக்கிட்டுப் பாருங்கள். சுமார் 29 மைல்! குழந்தை அங்கே நின்றால், 9 மீட்டர் உயரத்திலிருந்து தரையில் விழுவது போன்ற அடி.

காவலர் எல்லா மூலையிலும் நிற்க முடியாது. அந்தக் குறையைப் போக்கியது கேமரா. லண்டனில் 1992-இல் முதல் வேகக் கேமரா ட்விக்கன்ஹாம் பாலத்தருகே வைக்கப்பட்டது. பல நாடுகளின் 35 ஆய்வுகளைத் திரட்டி 2010-இல் வெளியான காக்ரேன் மதிப்பீட்டின்படி, கேமரா வைத்த இடங்களில் உயிரிழப்பையோ கடுங்காயத்தையோ விளைவிக்கும் விபத்துகள் 11 முதல் 44 விழுக்காடு வரை குறைந்தன.

இவ்வகைக் கருவிக்கு வழிகாட்டியவர் மாரிஸ் காட்சோனிடிஸ் என்ற டச்சுக்காரர். 1953-இல் மான்டி கார்லோ கார்ப் பந்தயத்தில் வென்றவர். வளைவுகளில் இன்னும் விரைவாகச் செல்ல, தம் வேகத்தைத் துல்லியமாக அளக்க வேண்டும் என்றுதான் அவர் முதலில் இதைச் செய்தார். பின்னாளில் அவரே பலமுறை அதில் சிக்கி அபராதம் கட்டினாராம்.