கடவுச்சொல் முதல் டோக்கன் வரை

1961-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஒரே கணினியைப் பலர் பகிர்ந்துகொள்ளக் கடவுச்சொல் வந்தது. அடுத்த வருடமே ஆலன் ஷெர் என்ற மாணவர் எல்லோருடைய கடவுச்சொற்களையும் அச்சடித்து எடுத்துவிட்டார்!

1980களில் அங்கேயே உருவான கெர்பரோஸ் வேறு வழி கண்டது. கடவுச்சொல்லை ஒருமுறை சரிபார்த்து, சில மணி நேரத்தில் காலாவதியாகும் சீட்டு கொடுத்தது. இன்றைய மேகக்கணி டோக்கனும் அதே யோசனைதான்.

நிறுவனங்கள் உள்நுழைவுப் பக்கத்தில் தங்கள் லோகோ, வண்ணம் வைத்து அழகுபடுத்துகின்றன. 2023-ல் திருடர்கள் அந்தப் பக்கமே போகவில்லை! டோக்கனில் முத்திரையிடும் மைக்ரோசாஃப்டின் ரகசியச் சாவி ஒன்று அவர்களிடம் இருந்தது. போலி டோக்கன் தயாரித்து அமெரிக்க அரசு அதிகாரிகளின் மின்னஞ்சல்களைப் படித்தார்கள்.

அது 2016-ல் உருவான சாவி. 2021-லேயே நீக்கியிருக்க வேண்டும். சீட்டுக்கு மட்டும் காலாவதி இருந்தால் போதுமா? சாவிக்கும் வேண்டும்.