பழித்தலும் செவிமடுத்தலும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில், இலண்டன் தெருக்களில் ஆதரவற்றுத் திரிந்த சிறுவர் பலர் கைக்குட்டை திருடியும் கடைப்பொருள் கவர்ந்தும் வயிறு வளர்த்தனர். அவர்களை 'தெரு அரபிகள்' என இகழ்வது அக்கால எழுத்தில் வழக்காயிற்று. வீடின்றி அலைவோர் என்பது கருத்து. ஓரினத்தின் பெயரே வசையாயிற்று. சொந்த ஊர்ப் பிள்ளையும் அயலானாயிற்று.

இதழாளர் ஹென்றி மேஹ்யூவும் இவ்வழக்கினின்று முற்றும் விடுபட்டவரல்லர்; தெருவில் வாழ்வோரை நாடோடிக் குடிகளோடு ஒப்பிட்டவரே. ஆயினும் 1849-இல் 'மார்னிங் கிரானிக்கிள்' நாளிதழுக்காக ஏழையர் வாழ்வை ஆராயப் புகுந்தபோது, இளந்திருடரையும் நேரில் கண்டு வினவினார். அவர்தம் மறுமொழிகளை அவர்தம் பேச்சுநடையிலேயே அச்சேற்றினார். அவரிடம் பேசிய சிறாருள், கீரை விற்றுப் பிழைத்த எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி, தான் குழந்தையல்லள் என்றே கூறினாள். குறும்பு செய்யவும் பொழுதில்லாத வாழ்வு அவளுடையது.

1854-இல் இளங்குற்றவாளிகளைச் சீர்திருத்தப் பள்ளிகளுக்கு அனுப்ப ஆங்கிலேயச் சட்டம் வழிசெய்தது. அப்போதும் சிறைவாசத்திற்குப் பின்னரே பள்ளி. தண்டனை முந்தியது, கல்வி பிந்தியது.

'அடங்காப் பிள்ளை' என்னும் பட்டம் சூட்ட ஒரு நொடி போதும். 'ஏன் செய்தாய்?' என வினவி, விடை வரும்வரை காத்திருக்கப் பொறுமை வேண்டும். மேஹ்யூவின் ஏடுகள் இன்றும் பயிலப்படுவது அப்பொறுமையினாலேயே. நம் இல்லத்துச் சிறாருக்கும் நாம் கடன்பட்டிருப்பது அதுவே.