கனி காணாத பெண் செடி

தாவரங்களுள்ளும் ஆண், பெண் என்னும் வேறுபாடு உண்டென்பதைப் பனையோடு வாழும் யாழ்ப்பாணத்தார்க்கு எடுத்துக் கூற வேண்டுவதில்லை. அத்தகைய இயல்புடைய யப்பானியச் செடியொன்று, ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் துணையின்றி இங்கிலாந்தில் வளர்ந்த வரலாறு சிந்திக்கத்தக்கது.

அச்செடியின் பெயர் அவுக்கூபா. நிழலிலும் செழிக்கும் இப்புதர்ச்செடி என்றும் பசுமை மாறாதது. தடித்துப் பளபளக்கும் இலைகள் எதிரெதிராக அமைந்திருக்கும். நான்கிதழ் கொண்ட ஊதாநிறச் சிறு பூக்களுள் ஆண்பூ ஒரு செடியிலும் பெண்பூ வேறொரு செடியிலும் தோன்றும். பெண் செடியிற் பழுக்கும் செங்கனி ஒரு வித்தையே உடையது. குளிர்காலத்தில் உதிராது நின்று தோட்டத்துக்கு அழகு செய்யும்.

ஐரோப்பியருள் ஒல்லாந்தர் மட்டுமே யப்பானில் வாணிகஞ் செய்ய அனுமதிக்கப்பட்டிருந்த காலத்தில், அவர்தம் கம்பனியின் வைத்தியராக 1775ஆம் ஆண்டு அங்குச் சென்றவர் சுவீடனைச் சேர்ந்த துன்பேர்க். லின்னேயசின் மாணவரான இவர், மீளும் வழியில் 1777இல் இலங்கைக்கும் வந்தார். அவுக்கூபா யப்பானிக்கா என்னும் பெயரை 1783இல் வெளியிட்டவர் இவரே. அதே ஆண்டில் கிறேபர் என்பார் அச்செடியை இங்கிலாந்துக்குக் கொண்டுசென்றார். பொன்னிறப் புள்ளிகள் பொருந்திய இலைகளையுடைய அது ஒரு பெண் செடி. தோட்டக்காரர் அதனைத் தடி வெட்டி நட்டுப் பெருக்கினர். ஆதலின் அதன் வழிவந்தவை யாவும் பெண்களாயின. நிலக்கரிப் புகை சூழ்ந்த இலண்டனிலும் அவை தழைத்தன. ஆயினும் கனி தரவில்லை.

தாவரங்களுக்குப் பால் வேறுபாடு உண்டென்பதைச் செர்மானிய அறிஞர் கமராரியசு 1694இலேயே எடுத்துக் காட்டியிருந்தார். எனவே குறை அறிவிலன்று. யப்பானின் கதவு அடைபட்டிருந்ததே குறையாயிற்று. 1859இல் அந்நாட்டுத் துறைமுகங்கள் சில பிறநாட்டு வாணிகத்துக்குத் திறக்கப்பட்டன. சீனத் தேயிலைச் செடிகளை இமயமலைச் சாரலுக்குக் கொணர்ந்த றொபேட் போர்ச்சூன், 1860இல் யப்பானை அடைந்தார். அவுக்கூபாவின் ஆண் செடியைப் பெறுவது அவருடைய நோக்கங்களுள் ஒன்று. அங்குப் பெற்ற செடியை, கடற்காற்றின் உப்புப் படாது காக்கும் கண்ணாடிப் பெட்டியில் வைத்து இங்கிலாந்துக்கு அனுப்பினார். 1864இல் இலண்டன் கென்சிங்ரனில் நிகழ்ந்த காட்சியில், செங்கனிகள் செறிந்த அவுக்கூபாவை மக்கள் கண்டு வியந்தனர்.

ஒரு செடியை ஓராயிரமாக வெட்டி நட்டாலும் இயல்பால் அஃது ஒரு செடியே. எண்ணிக்கையிற் பெருகுதல் வேறு. வித்தீன்று தழைத்தல் வேறு. தன்னின் வேறாகிய ஒன்றோடு கூடியபோதே அவுக்கூபா கனி ஈன்றது.