வானிலிருந்து கண்ட கப்பல்கள்: 1942இன் இலங்கைக் கடற்சமர்

போரில் எதிரியின் கப்பலைக் காண்பது ஒன்று. அது எவ்வகைக் கப்பல் எனத் தெளிவது வேறொன்று. 1942 ஏப்பிரலில் இலங்கைக் கடலில் நிகழ்ந்தவை இவ்வேறுபாட்டை நன்கு உணர்த்துகின்றன.

அவ்வாண்டு பெப்ரவரியில் சிங்கப்பூரும் மார்ச்சில் யாவாவும் யப்பானியர் வசமாயின. அதன்பின் நேசநாடுகளுக்கு இயற்கை இறப்பர் வழங்கும் முதன்மை நாடாக எஞ்சியது இலங்கையே. யட்டியாந்தோட்டை போன்ற சப்பிரகமுவத் தோட்டப் பகுதிகளில் தமிழ்த் தொழிலாளர் சிந்திய வியர்வைக்கும் கடற்காவலுக்கும் இவ்வாறு நெருங்கிய தொடர்பு ஏற்பட்டது.

ஏப்பிரல் 4ஆம் திகதி, கொக்கலையிலிருந்து கற்றலினா விமானத்திற் புறப்பட்ட கனடிய விமானி லெனாட் பேர்ச்சல், யப்பானியக் கடற்படை நெருங்குவதைக் கண்டு செய்தி அனுப்பினார். அனுப்பும்போதே அவரது விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. செய்தி கிடைத்ததும் கொழும்புத் துறைமுகத்திலிருந்த கப்பல்கள் பல வெளியேறின. டோர்செற்சயர், கோண்வால் ஆகிய இரு பிரித்தானியக் குறூசர்களும் அன்றிரவே நீங்கின.

மறுநாள் உயிர்த்த ஞாயிறு. கொழும்பு தாக்கப்பட்ட அதே காலையில், யப்பானியரின் 'தோனே' குறூசரிலிருந்து சென்ற வேவு விமானம் அவ்விரு கப்பல்களையும் கண்டது. மூன்று புகைபோக்கிகள், முன்னும் பின்னும் இவ்விரண்டாக நான்கு இரட்டைப் பீரங்கிக் கூண்டுகள், நீண்டுயர்ந்த உடல் என்பனவே இவ்வகைக் குறூசரை இனங்காட்டும் அடையாளங்கள். ஆயினும் அவை குறூசர்களா, சிறிய நாசகாரிக் கப்பல்களா என்பதில் வேவுச் செய்திகள் முரண்பட்டன. கப்பலின் வகைக்கேற்ப ஆயுதமும் மாறவேண்டும். ஆதலால் தளபதி நகுமோவின் விமானந்தாங்கிகளில் குண்டை ஏற்றுவதா, டோர்பிடோவை ஏற்றுவதா என்ற தடுமாற்றம் எழுந்தது.

ஈற்றில் எகுசாவின் தலைமையில் 53 குத்துக்குண்டு விமானங்கள் தாக்கின. அரைமணி நேரத்துள் இரு கப்பல்களும் மூழ்கின. 424 பேர் மாண்டனர். கடலில் மிதந்த 1,122 பேர் மறுநாளே மீட்கப்பட்டனர்.

பெருவெற்றி சிறு குறையை மறைத்துவிடும். இரு மாதங்களின் பின், யூன் 4இல், மிட்வேயிலும் 'தோனே'யின் விமானமொன்று முதலில் 'பத்துக் கப்பல்கள்' என்றது. பின்னர் குறூசர்களும் நாசகாரிகளும் என்றது. விமானந்தாங்கி ஒன்றும் இருப்பதாகக் காலந்தாழ்த்தியே அறிவித்தது. ஆயுதமாற்றக் குழப்பம் மீண்டும் நேர்ந்தது. அச்சமரில் யப்பானியர் நான்கு விமானந்தாங்கிகளை இழந்தனர்.

மிட்வேயின் தோல்விக்கு வேறு காரணங்களும் உண்டு. எனினும், அங்கு வெளிப்பட்ட குறை இலங்கைக் கடலிலேயே தலைகாட்டியிருந்தது என்பதும், வெற்றிக் களிப்பில் அது திருத்தப்படாது போயிற்று என்பதும் வரலாற்று மாணவர் மனங்கொள்ளத் தக்கவையாகும்.