விஷுவல் ஸ்டூடியோ கோட்: புதிய வசதிகளில் மாணவர்கள் அறிய வேண்டியவை

ஷா ஆலம் - எஸ்.பி.எம். முடித்த பிள்ளை கணினித் துறையில் டிப்ளோமா சேர்ந்ததும் வீட்டில் முதலில் எழும் கேள்வி, எந்த மடிக்கணினி வாங்குவது என்பதுதான். அடுத்தது, அதில் எந்த மென்பொருளைப் போடுவது என்பது. விரிவுரையாளர் "வி.எஸ். கோட் போட்டுக்கொள்ளுங்கள்" என்று ஒரே வரியில் சொல்லிவிடுவார். அது என்ன, காசு கட்ட வேண்டுமா, அண்ணன் பயன்படுத்திய பழைய கணினியில் ஓடுமா என்று கேட்கப் பல பிள்ளைகள் தயங்குகிறார்கள். அவர்களுக்கும் பெற்றோருக்கும் உதவும் விவரங்கள் இங்கே.

இரண்டு பெயர், இரண்டு மென்பொருள்

நிரல் எழுத, பிழை பார்க்க, ஓட்டிச் சோதிக்கத் தேவையான கருவிகளை ஒரே இடத்தில் தருவது நிரலாக்கச் சூழல். மைக்ரோசாப்ட் நிறுவனத்திடம் ஒரே மாதிரிப் பெயரில் இரண்டு உள்ளன. விஷுவல் ஸ்டூடியோ என்பது பெரியது. பல கிகாபைட் இடம் பிடிக்கும். அதன் 2022 பதிப்பின் கம்யூனிட்டி வகை மாணவர்களுக்கு இலவசம். விஷுவல் ஸ்டூடியோ கோட் என்பது வேறு. 2015 ஏப்ரலில் அறிமுகமான இது அளவில் சிறியது. பைத்தான், ஜாவா, இணையப்பக்க வேலை என எதற்கும் தேவையான நீட்சிகளை மட்டும் சேர்த்துக்கொள்ளலாம். இதுவும் இலவசம்தான். கடையில் பணம் கொடுத்து 'லைசென்ஸ்' வாங்க வேண்டியதில்லை. அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து நாமே பதிவிறக்கலாம்.

பதிப்பு எண்ணைப் பார்த்தும் சிலர் குழம்புகிறார்கள். 2025-இல் 1.99-க்குப் பிறகு வந்தது 2.0 அல்ல, 1.100. பெரிய எண்ணே புதியது.

பழைய கணினியில் ஓடுமா?

1.6 கிகாஹெர்ட்ஸ் செயலியும் 1 கிகாபைட் ரேமும் போதும் என்பது நிறுவனம் சொல்லும் குறைந்த அளவு. உலாவியையும் வீடியோ வகுப்பையும் சேர்த்துத் திறந்தால் அது போதாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ரேமைவிட முக்கியமானது விண்டோஸ் வகை. 32 பிட் விண்டோஸுக்குப் புதிய பதிப்புகள் வெளியிடுவது 2023 இறுதியில் நின்றுவிட்டது. விண்டோஸ் 7, 8 உள்ள கணினிகளிலும் இன்றைய பதிப்பு ஓடாது. பழைய மடிக்கணினியை வாங்கும் முன் 64 பிட் விண்டோஸ் 10 அல்லது 11 இருக்கிறதா என்று கடையிலேயே திறந்து பார்த்துவிடுங்கள்.

பதிவிறக்கம் 200 மெகாபைட்டுக்கு உட்பட்டதுதான். ஆனால் புதுப்பிப்புகள் அடிக்கடி வரும். கைப்பேசி டேட்டாவை நம்பியிருப்போர் அமைப்புகளில் 'அப்டேட் மோட்' என்பதை 'மேனுவல்' என்று மாற்றிவிட்டால், இலவச வைஃபை கிடைக்கும் நாளில் புதுப்பித்துக்கொள்ளலாம்.

அழிந்த வேலையை மீட்கலாம்

2022 மார்ச் பதிப்பில் சேர்ந்த 'லோக்கல் ஹிஸ்டரி' மாணவர்களுக்கு மிகவும் பயன்படக்கூடியது. கோப்பைச் சேமிக்கும் ஒவ்வொரு முறையும் பழைய நிலையின் படி ஒன்று தானாகவே கணினியில் நிற்கும். ஒரு கோப்புக்கு 50 படிகள் வரை இருக்கும். ஒப்படைக்கும் நாளுக்கு முந்தைய இரவில் ஏதோ ஒன்றை அழித்துச் சேமித்துவிட்டால், இடப்பக்கம் உள்ள எக்ஸ்ப்ளோரரின் கீழே 'டைம்லைன்' பகுதியைத் திறந்து முந்தைய நிலைக்குத் திரும்பலாம். ஆனால் அந்தப் படிகள் அதே கணினியில்தான் இருக்கும். கணினியே பழுதானால் அவையும் போய்விடும் என்பதால் வேறோர் இடத்தில் நகல் வைத்திருப்பது அவசியம்.

"நம்புகிறீர்களா?" என்ற கேள்வி

வாட்ஸ்அப் குழுவில் நண்பர் அனுப்பிய கோப்புறையைத் திறந்தால், "இதை உருவாக்கியவரை நம்புகிறீர்களா?" என்று திரையில் கேட்கும். 2021-இல் வந்த பாதுகாப்பு வசதி இது. கோப்புறைக்குள் மறைந்திருக்கும் கட்டளைகள் திறந்தவுடனேயே ஓடிவிடக்கூடாது என்பதற்காகக் கேட்கப்படுகிறது. யார் அனுப்பியது என்று தெரியாவிட்டால் 'இல்லை' என்பதையே அழுத்துங்கள். கோப்பைப் படிக்கலாம், திருத்தலாம். கட்டளைகள் தானாக ஓடா.

ஏஐ: எங்கே நிறுத்துவது?

அண்மைய மாற்றங்களில் பெரியது செயற்கை நுண்ணறிவு. கிட்ஹப் கோபைலட் 2021-இல் சோதனை நிலையில் வந்தது. 2024 டிசம்பரில், மாத வரம்புடன் கூடிய இலவச வகை எல்லாருக்கும் கிடைத்தது. 2025 ஏப்ரலில் 'ஏஜென்ட்' முறை அனைவருக்கும் திறந்துவிடப்பட்டது. முன்பு அடுத்த வரியைப் பரிந்துரைத்த கருவி, இந்த முறையில் பல கோப்புகளைத் தானே திருத்துகிறது; கட்டளைகளை ஓட்டுகிறது; பிழை வந்தால் மறுபடி முயல்கிறது. கட்டளையை ஓட்டும் முன் பொதுவாக நம்மிடம் அனுமதி கேட்கும். படிக்காமலே அனுமதி கொடுத்துக்கொண்டு போனால் கோப்புகள் அழியவும் வாய்ப்புண்டு.

முதலாண்டு மாணவருக்கு இதைவிடப் பெரிய ஆபத்தும் உள்ளது. பயிற்சிகளை எல்லாம் கருவியே முடித்துக் கொடுத்தால், தேர்வு அறையிலும் வேலை நேர்காணலிலும் வெறும் தாளின் முன் தனியாக உட்கார வேண்டியிருக்கும். கடன் வாங்கிக் கணினி வாங்கிக் கொடுத்த வீட்டுக்கு அது பேரிழப்பு. அதனால் முதல் ஆண்டில் இதை அணைத்து வைப்பது நல்லது. அமைப்புகளில் 'டிஸேபிள் ஏஐ ஃபீச்சர்ஸ்' என்று தேடினால் 2025-இல் சேர்க்கப்பட்ட பொத்தான் கிடைக்கும். பயன்படுத்துவதானால், ஒவ்வொரு வரியும் ஏன் அங்கே இருக்கிறது என்று விளக்கச் சொல்லிக் கற்றுக்கொள்ளலாம். எந்த அளவுக்கு அனுமதி உண்டு என்பதை விரிவுரையாளரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

தமிழில் எழுதும்போது

வி.எஸ். கோட் யூனிகோட் எழுத்துகளை இயல்பாக ஏற்கும். முரசு அஞ்சல் போன்ற எந்த விசைமுறையிலும் தட்டலாம். பைத்தான் 3-இல் மாறிகளுக்கே தமிழ்ப் பெயர் வைக்கலாம்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைப் பைத்தானிடம் கேட்டால் 3 என்று வராது, 5 என்று வரும். யூனிகோடில் 'மி' என்பது மகரமும் இகரக் குறியும் சேர்ந்த இரண்டு குறியீடுகள். 'ழ்' என்பதும் அப்படியே. இதனால் 'விகடகவி' என்ற சொல்லைத் திருப்பிப் போட்டுச் சோதித்தால், இருபுறமும் ஒன்றாகப் படிக்கும் அந்தச் சொல்லையே "ஒன்றல்ல" என்று கணினி சொல்லிவிடும். இகரக் குறி முன்னால் போய் நிற்பதுதான் காரணம். ஆங்கிலச் சொற்களுக்கு எழுதப்படும் வழக்கமான விடை தமிழுக்கு அப்படியே பொருந்தாது. எழில் மொழி அறக்கட்டளையின் 'ஓப்பன்-தமிழ்' என்ற இலவச நிரல்தொகுப்பு சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரித்துத் தரும். அதைக்கொண்டு சோதித்தால் சரியான விடை வரும். இப்பிழையைத் திரையில் பார்த்ததும் பிடிப்பவர், தமிழ்ப்பள்ளியில் உயிர்மெய் படித்த பிள்ளைதான்.

கணினி இல்லாதவர்களுக்கு

2021 அக்டோபர் முதல் வி.எஸ். கோட் உலாவியிலும் கிடைக்கிறது. முகவரி விஎஸ்கோட் புள்ளி டெவ். எதையும் நிறுவ வேண்டியதில்லை. குரோம்புக்கிலும் திறக்கும். எழுதவும் திருத்தவும் இது போதும். டெர்மினல் இல்லாததால், கணினியில் நிறுவிய பதிப்பைப் போல எல்லா நிரல்களையும் இதில் ஓட்டிப் பார்க்க முடியாது.

ஷா ஆலம் வட்டாரத்தில் இருப்போர் செக்‌ஷன் 13-இல் உள்ள ராஜா துன் உடா பொது நூலகத்துக்குப் போய் அமைதியாக உட்கார்ந்து பழகலாம். பொதுக் கணினியில் உங்கள் கணக்கில் நுழைந்திருந்தால், எழுந்து வரும் முன் மறக்காமல் வெளியேறிவிடுங்கள்.

படிவம் 1 முதல் 3 வரை அடிப்படைக் கணினி அறிவியல் பாடம் 2017 முதல் நடப்பில் உள்ளது. வடிவமைப்பும் தொழில்நுட்பமும் என்ற பாடத்துக்கு மாற்றாக, வசதியுள்ள பள்ளிகள் இதை நடத்துகின்றன. பிள்ளையின் பள்ளியில் இது உண்டா என்று பெற்றோர் ஆண்டுத் தொடக்கத்திலேயே கேட்டுவிடலாம். அங்கே தொடங்கிய பிள்ளைக்கு டிப்ளோமா வகுப்பின் முதல் வாரம் அவ்வளவு அந்நியமாக இருக்காது.